மேஸ்திரி எழுப்பிய சுவர்கள்

அவளுக்கு நெருங்கியவர்கள் எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். கரண்டி பிடித்து ஒரு செங்கல்கூட வைத்தவள் இல்லை. பொறியாளர் ஒருவரின் அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக வீட்டு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் அவள் போட்ட படத்தில் ஒரு குளியலறைக் கதவு மாடிப்படியின் கைப்பிடியில் இடிக்கும்படி அமைந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை, வீட்டையும் கட்டி முடித்துவிட்டார்கள். பொறியாளர் அவளை அந்த வீட்டுக்கே அழைத்துப் போனார். வீட்டுக்காரர், தச்சர், வண்ணம் பூசுகிறவர்கள் எல்லோரும் நின்றார்கள். "நீயே திறந்து பாரும்மா" என்றார் பொறியாளர். ஒரு சாண் திறந்ததும் கதவு கைப்பிடியில் இடித்து நின்றது. யாரோ சிரித்தார்கள். அன்றிலிருந்து ஒரு கோடு இழுத்தால் ஒன்பது தடவை சரிபார்க்காமல் அவள் கையை எடுத்ததில்லை.

மேஸ்திரி என்ற பெயர் அலுவலகத்தில் வைத்ததல்ல, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வந்தது. ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு அந்த மேசையைச் சுற்றி ஓர் ஆட்டம் நடக்கும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இறங்கி, இன்னது செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை தீர்மானிக்கும். கதை நடத்துகிற வேலை அவளுடையது. மலைகள், கோட்டைகள், வரி கேட்கும் பூதங்கள் என்று ஓர் உலகத்தையே அவள் கட்டி வைத்திருந்தாள். அவள் கணவருக்கு இதில் ஒட்டுமில்லை உறவுமில்லை. செய்தித்தாளை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போகும்போது, "நீங்க நாட்டைப் பிடிச்சு முடிச்சதும் சொல்லுங்க, நான் சாப்பிட வரேன்" என்பார்.

ஆட வருகிறவர்கள் மூன்று பேர். மருந்துக்கடை வைத்திருந்த அவளுடைய கொழுந்தன். பல் மருத்துவமனையில் உதவியாளராக இருந்த சிட்டு. ஆளும் சிட்டுக்குருவி அளவுதான். மூன்றாவது ஆள் ஒட்டடை. லிஃப்ட் பழுதுபார்க்கிறவன், ஒட்டடைக்குச்சி போல நெடுநெடுவென்று வளர்ந்தவன், மேசைக்கு மேலே தொங்கும் விளக்கில் வாராவாரம் தலையை இடித்துக்கொள்கிறவன். மேஸ்திரி என்று பெயர் வைத்ததும் அவன்தான். "பகல்ல நிஜ வீடு, ஞாயித்துக்கிழமை பொய்க் கோட்டை. ரெண்டுக்கும் நீங்கதான் மேஸ்திரி" என்றான். அவனுடைய பாத்திரம் நீச்சல் தெரியாத படகோட்டி. கதையில் ஆறு வந்தால் போதும், ஒட்டடை முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, "தண்ணி எவ்ளோ ஆழம் மேஸ்திரி?" என்று கேட்பான். பதினோரு வருடம் அதே கேள்வி. பதினோரு வருடமும் சிரித்தார்கள்.

பிறகு ஒரே வருடத்தில் கூட்டம் கலைந்தது. சிட்டுவின் கணவருக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்தது. கொழுந்தன் ஊரின் மறுகோடியில் இரண்டாவது கடை திறந்தார். ஒட்டடையின் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலற்றுப் போனது. தாயில்லாத ஒற்றைப் பிள்ளை; பேருந்தில் மூன்றரை மணி நேரத் தூரத்தில் இருந்த அப்பாவின் ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான். ஞாயிறு நான்கு மணிக்கு மேசை வெறுமனே கிடந்தது. இஸ்திரி போட வேண்டிய துணிகள் அதன்மேல் ஏறின.

யோசனை சொன்னதும் ஒட்டடைதான். போனில் கூப்பிட்டான்.

"மேஸ்திரி, பிரவுசர்லயே ஆடலாமாம். எதையும் இறக்கி வைக்கக்கூட வேணாம். நீங்க லிங்க் அனுப்புனா நாங்க அவங்கவங்க வீட்டுலேருந்து உள்ள வந்துடலாம். மேப், காய், பகடை எல்லாம் உள்ளேயே இருக்கு."

"எனக்கு அதெல்லாம் வருமா?"

"வீட்டையே கம்ப்யூட்டர்ல கட்டுறீங்க. இது வராதா?"

அவள் தேடிப் பார்த்து, இலவசமாகக் கிடைத்த ஒன்றில் ஓர் அறையைத் திறந்தாள். கோட்டை ஒன்றின் படத்தை ஏற்றி, மூன்று காய்களை வாசலில் வைத்து, லிங்க்கை அனுப்பினாள். ஞாயிறு நான்கு மணிக்கு மூன்று பேருமே வந்துவிட்டார்கள். ஒருவர் குரல் இன்னொருவருக்கு இரண்டு தடவை கேட்டது. கொழுந்தனின் காய் சொல்பேச்சுக் கேட்காமல் அகழிக்குள் போய் நின்றது. அதையெல்லாம் சமாளித்துக் கோட்டைக்குள் நுழைந்த பிறகுதான் பெரிய கோளாறு தெரிந்தது. அந்த மென்பொருளில் படத்துச் சுவர்களின் மேல் தனியாகக் கோடு இழுத்தால்தான் அவை பார்வையை மறைக்கும். அது அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே நுழைந்த கணமே கோட்டை முழுவதும் எல்லோருக்கும் வெட்ட வெளிச்சமாகிவிட்டது.

"அக்கா, அந்தக் கோடி ரூம்ல சிவப்பா ஒருத்தன் உக்காந்திருக்கானே, அவன்தான் வில்லனா?" என்றாள் சிட்டு.

கொழுந்தன் விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணி, கொள்ளைக்காரன் வீட்டுக்குக் கதவு வைக்க மறந்துட்டீங்க."

"நான் ஒண்ணும் பார்க்கல மேஸ்திரி," என்றான் ஒட்டடை. "படகோட்டிக்குக் கிட்டப்பார்வை."

அவளும் சிரித்தாள். ஆனால் காது மடல் சூடேறியது. குளியலறைக் கதவின் முன்னால் நின்றபோது ஏறிய அதே சூடு. மூன்று மணி நேரம் ஆடினார்கள். எல்லோரும் போன பிறகு கணவர் உள்ளறையிலிருந்து வந்தார்.

"ரொம்ப நாளைக்கப்புறம் வீட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு."

"என் பொழப்பு சிரிப்பா சிரிச்சுது. அதைத்தான் கேட்டிருப்பீங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறுக்கு முன்பே குழுவுக்கு எழுதிவிட்டாள்: இந்த வாரம் வேண்டாம், வேறு நல்ல மென்பொருள் பார்க்கிறேன். இரண்டாவதில் சுவர்கள் அழகாக வந்தன. ஆனால் பகடை உருண்டு நிற்பதற்குள் கதையே ஆறிப்போகும். மூன்றாவதில் எல்லாமே இருந்தன. எது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் ஒரு வாரம் ஆனது. நான்காவது சிட்டுவின் கணினியில் திறக்கவே இல்லை. ஐந்தாவதைப் பார்த்ததும் அவளுக்குக் காணாததைக் கண்ட மாதிரி ஆகிவிட்டது. தீப்பந்தம் ஏந்தி நடந்தால் வெளிச்சமும் கூடவே நடந்தது. கதவைத் திறந்தால் கிரீச்சென்றது. சுவருக்குப் பின்னால் இருட்டு, இருட்டாகவே இருந்தது.

அலுவலகம் விட்டு வந்ததும் அதில் உட்கார்ந்துவிடுவாள். நாற்பத்தொரு அறைகள் உள்ள கோட்டை. ஒவ்வொரு சுவராக, மூலைக்கு மூலை பிசிறில்லாமல் கோடு இழுத்தாள். படிக்கட்டுக்குத் தனி நிழல், கிணற்றுக்குத் தனிச் சத்தம். "நிஜ வீட்டுக்காரங்களுக்குக்கூட நீ இவ்ளோ பார்த்ததில்ல" என்றார் கணவர். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இவங்க கதவைத் திறந்து பார்த்துச் சிரிக்க மாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?" என்று சம்பந்தமில்லாமல் எதையோ சொன்னாள்.

வாராவாரம் குழுவில் அதே செய்தி. அடுத்த வாரம். அடுத்த வாரம் நிச்சயம். கொழுந்தன் கட்டைவிரலைக் காட்டும் படத்தை அனுப்புவார். சிட்டு, "பரவால்லக்கா, மெதுவா செய்யுங்க" என்பாள். சிட்டுவுக்குக் குழந்தை பிறந்திருந்த நேரம். ஒட்டடை மட்டும் போன் செய்வான், பெரும்பாலும் ஞாயிறு மூன்றரை வாக்கில்.

"இன்னிக்கு உண்டா மேஸ்திரி?"

"இல்லப்பா. மேல்மாடிக் கதவு இன்னும் சரியா மூடல."

"மூடாட்டி என்ன, நாங்க மூடின மாதிரி நடிக்கிறோம். மேப்பே வேணாம். நீங்க சொல்லுங்க, நாங்க கேக்குறோம். பதினோரு வருஷம் அப்படித்தானே ஓடுச்சு?"

"அரைகுறையா செஞ்சா எனக்கு ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும்" என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பு வாராவாரம் தேய்ந்துகொண்டு வந்ததை அவள் கவனித்திருக்கலாம். கவனிக்கவில்லை.

அப்படி ஒரு ஞாயிறு கூப்பிட்டவன் ஆட்டத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. "மேஸ்திரி, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தான்.

"இரு இரு. முதல்ல நான் அனுப்பின லிங்க்கைத் திற. உன்னோடது பழைய கம்ப்யூட்டர், அதுல எப்படி ஓடுதுன்னு பார்த்தாத்தான் எனக்கு நிம்மதி. கோட்டை வாசல்ல தீப்பந்தம் எரியுதா?"

எதிர்முனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"எரியுது."

"ஆடி ஆடி எரியுதா, அசையாம நிக்குதா?"

"ஆடுது மேஸ்திரி."

"அப்பாடா. அதுக்கு மட்டும் நாலு நாள் ஆச்சு தெரியுமா?" அவள் அந்த நாலு நாள் கதையைச் சொல்லி முடித்தபோது, "சரி மேஸ்திரி, அப்பா கூப்பிடுறாரு" என்று அவன் போனை வைத்தான். என்னவோ சொல்ல வந்தானே என்று அவளுக்கு ஒரு நொடி தோன்றியது. மறுநொடி கிணற்றடிச் சத்தம் நினைவுக்கு வந்துவிட்டது.

முதல் ஆட்டம் நடந்து ஐந்து மாதத்துக்குப் பிறகு கோட்டை தயாரானது. ஞாயிறு நான்கு மணிக்குப் புடவைகூட நல்லதாக எடுத்து உடுத்திக்கொண்டு திரைமுன் உட்கார்ந்தாள். சிட்டு வந்தாள், "அய்யோ அக்கா, நிஜமா இருக்கே" என்று கோட்டை வாசலில் அசந்து நின்றாள். இருபது நிமிடத்தில் குழந்தை விழித்து அழ, ஒரு கையால் தட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துவிட்டு விடைபெற்றாள். கொழுந்தன் அரைமணி தாமதமாகக் கடையிலிருந்தே வந்தார். பாதி வாக்கியத்தில் யாரோ இருமல் மருந்து கேட்டார்கள். ஒட்டடையின் பெயர் மட்டும் கடைசி வரை, உள்ளே வராதவர்களுக்குரிய சாம்பல் நிறத்திலேயே இருந்தது. அவள் போன் செய்தாள்.

"மறந்துட்டியா?"

"இல்ல மேஸ்திரி. எப்படிச் சொல்றதுன்னு பார்த்தேன். இங்க பக்கத்து வீட்டுல ஒரு தையல்காரர், அவர் பொண்ணு. ரெண்டு பேருக்கும் இந்த ஆட்டம் சொல்லிக் கொடுத்தேன். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு அவங்க வந்துடுறாங்க. அப்பாவைத் தனியா விட்டுட்டு நான் எழுந்து போக வேண்டாம்னு என் வீட்டுலேயே வச்சுக்கறோம்."

அவள் குரல் உயர்ந்தது. "அஞ்சு மாசம் மாடா உழைச்சிருக்கேன். அக்கம்பக்கத்துல ஆள் கிடைச்சதும் நாங்க வேண்டாதவங்களா ஆயிட்டோமா? இவ்ளோ நாள் இதெல்லாம் யாருக்காகச் செஞ்சேன்?"

எதிர்முனையில் யாரோ பகடையை உருட்டும் சத்தம் கேட்டது.

"எனக்குத் தெரியல மேஸ்திரி" என்றான். அவன் குரலில் குத்தல் இருந்திருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். இல்லை. அவள் பேச்சை வெட்டிப் போனை வைத்தாள்.

இரண்டு மாதம் பேச்சில்லை. குழுவிலும் யாரும் எதையும் எழுதவில்லை.

பிறகு ஒருநாள், மதிய உணவு நேரத்தில், அலுவலகக் கணினியில் அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்த முதல் மென்பொருளிலிருந்து. தொண்ணூறு நாட்களுக்கு மேல் யாரும் வராத அறைகளை அழிக்கப்போகிறோம், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று. அங்கிருந்து வரும் அறிவிப்புகள் தொல்லை என்று அவள் எப்போதோ நிறுத்தி வைத்திருந்தாள். கடைசி எச்சரிக்கை என்பதால் இது மட்டும் வந்துசேர்ந்தது. முதல் ஆட்டம் நடந்து ஏழு மாதம் ஆகிறதே, தொண்ணூறு நாள் கணக்கு எப்படி வருகிறது என்று யோசித்தபடி அறையைத் திறந்தாள்.

சுவரில்லாத கோட்டை அப்படியே இருந்தது. மூலையில் சிவப்பு வில்லன். உள்ளே இரண்டு காய்கள். மூன்றாவது, படகோட்டியினுடையது, அவள் விட்ட இடத்தில் இல்லை, அகழியோரம் போயிருந்தது. பக்கத்தில், பேசிக்கொள்வதை எழுதும் பெட்டி கீழே வெகுதூரம் நீண்டிருந்தது. எல்லாம் ஒரே ஆள் எழுதியது. தேதியைப் பார்த்தாள். ஞாயிறு. அடுத்ததும் ஞாயிறு. பதினான்கு ஞாயிறுகள்.

"நாலு மணி. யாரும் வரல. சும்மா ஒரு பகடை போடுறேன்." கீழே பகடை: பதினான்கு.

"படகோட்டி கரையில் காத்திருக்கிறான். தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று கேட்க ஆளில்லை."

"அப்பா இன்னிக்கு எழுந்து ஜன்னல் வரைக்கும் நடந்தாரு. ஆறு அடி. யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு."

சில வாரங்கள் எழுத்தே இல்லை; பகடை மட்டும். ஏழு. மூன்று. பத்தொன்பது. ஓர் எண்ணைப் போட்டுவிட்டு எவ்வளவு நேரம் அங்கே இருந்தான், எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கவில்லை.

பிறகு இது, நான்கு மணி பத்து நிமிடத்துக்கு எழுதியது: "அப்பாவுக்கு இன்னிக்கு என்னை அடையாளம் தெரியல. லிஃப்ட் பார்க்க வந்தவன்னு நினைச்சுட்டாரு. 'வேலை முடிஞ்சுதுன்னா கிளம்புப்பா, வீட்டுல தேடுவாங்க' அப்படின்னாரு. லிஃப்ட்காரன்தான், அதைப் பொய்யின்னும் சொல்ல முடியல."

அந்தத் தேதியை அவள் இரண்டு தடவை பார்த்தாள். தீப்பந்தம் ஆடுகிறதா என்று அவள் கேட்ட ஞாயிறு.

கடைசியில் இருந்தது: "பக்கத்து வீட்டுக்காரர் வந்து பேசிட்டிருந்தாரு. நல்ல மனுஷன். இனிமே இங்க வர வேண்டியிருக்காதுன்னு நினைக்கிறேன். கோட்டை நல்லாத்தான் இருந்துச்சு மேஸ்திரி."

பக்கத்து மேசைப் பெண் சாப்பிட வரச் சொல்லிக் கூப்பிட்டாள். மேஸ்திரி பசியில்லை என்று கையாட்டினாள். ஏதாவது ஒரு ஞாயிறு அந்த அறைக்குள் சும்மா எட்டிப் பார்த்திருந்தால் போதும். ஒரு சொடுக்கு. அவள் அந்த ஐந்து மாதமும் ஒவ்வொரு நாளும் வீட்டுக் கணினியின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஞாயிறே பேருந்து ஏறினாள். வருகிறேன் என்று போனில் சொன்னபோது அவன் முகவரியைத் தெளிவாகச் சொன்னான், எங்கே இறங்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று.

இரண்டாவது மாடி வீடு. ஜன்னலோரம் அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார். தையல்காரரும் மகளும் முன்னமே வந்து தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு குகை. அதன்மேல் காய்களுக்குப் பதிலாகச் சட்டைப் பொத்தான்கள். கதையை ஒட்டடை நடத்தினான். யாருக்குப் பகடை விழ வேண்டியிருந்தாலும், "அப்பா, ஒண்ணு போடுங்க" என்று அவர் கையில் கொடுப்பான். அவர் செயல்படுகிற கையால் மடியில் இருந்த தட்டில் உருட்டுவார். எண்ணைச் சொன்னதும் தையல்காரரின் மகள் கைதட்டுவாள். பெரியவர் ஏன் என்று தெரியாமலே சிரிப்பார்.

"நீங்களும் சேருங்க மேஸ்திரி. யாரா வர்றீங்க?" என்று ஒட்டடை ஒரு பொத்தானை நீட்டினான்.

பதினோரு வருடத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. கேட்கிற இடத்தில்தான் அவள் இருந்தாள். கொஞ்சம் யோசித்து, "வழியில போறவ" என்றாள். ஒரு மணி நேரம் அப்படியே, வழியில் போகிறவளாக, அவர்கள் கதைக்குள் கூடவே நடந்தாள்.

தேநீர் போட அவன் எழுந்தபோது பின்னாலேயே போனாள். "அந்தப் பழைய அறையைத் திறந்து பார்த்தேன். எல்லாத்தையும் படிச்சேன்."

அவன் டம்ளர்களை வரிசையாக வைத்தான். "அது இன்னும் இருக்கா? அழிஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாப்பா?"

"சொல்ல வந்தேன் மேஸ்திரி. ரெண்டு மூணு தடவை வந்தேன்."

"தப்பு என் மேலதான். மன்னிச்சுடுன்னு கேக்கத்தான் வந்தேன்."

"விடுங்க. கோபம் அப்ப இருந்துச்சு, இப்ப இல்ல." பால் பொங்குவதைப் பார்த்து அடுப்பைத் தணித்தான். "அந்த நேரத்துல உங்க மூணு பேரு குரல் காதுல விழுந்தாப் போதும்னு இருந்துச்சு. மேப்பு, வெளிச்சம் இதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டாவே தோணல. அந்த நேரம் எப்படியோ தாண்டிப் போயிடுச்சு. அவ்ளோதான்."

"மறுபடியும் ஆரம்பிக்கலாம்ப்பா. மேப் வேண்டாம், வெறும் பேச்சு. நீ எப்பச் சொல்றியோ அப்ப."

"பார்க்கலாம் மேஸ்திரி."

யாராவது 'பார்க்கலாம்' என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்பது அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அவன் தேநீரை ஊற்றினான். அவள் தட்டை எடுத்துக்கொண்டாள். மாலைப் பேருந்துக்கு நிறுத்தம் வரை கூடவே வந்து, இடம் பிடித்துக் கொடுத்து, வண்டி நகரும்வரை நின்றான்.

அதன் பிறகு ஒரு தடவை, சிட்டுவும் கொழுந்தனும் அவளும் போனிலேயே ஆடிப் பார்த்தார்கள். கதை ஒரு பாலம் வரை போனது. பிறகு பேச்சு குழந்தையின் காய்ச்சலுக்கும் கடை ஆட்களுக்கும் திரும்பியது. அடுத்தது எப்போது என்று யாரும் கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையை அவள் கணவர் சுவரோரமாக நகர்த்திப் போட்டார்.

அடுத்த குளிர்காலத்தில் பெரியவர் இறந்துபோனார். செய்தி ஒட்டடையின் எண்ணிலிருந்துதான் வந்தது. ஆனால் எழுதியது தையல்காரரின் மகள். போனில் இருந்த எல்லோருக்கும் ஒரே வரியாக அனுப்பியிருந்தாள். மேஸ்திரி பாதி வரைந்த படத்தை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கூட்டத்தில் எல்லோர் தலைக்கும் மேலே அவன் தலை தெரிந்தது. அவளைப் பார்த்து, வந்துட்டீங்களா என்பதுபோலத் தலையசைத்தான். தையல்காரர் அவன் தோளில் கை வைத்து ஏதோ சொல்ல, அந்தப் பக்கம் குனிந்தான்.

அவள் சமையலறைக்குப் போனாள். கழுவாத டம்ளர்கள் தொட்டி நிறையக் கிடந்தன. யாரும் கேட்காமலே புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்தாள். வந்தவர்கள் தேநீர் குடித்துக் குடித்து வைக்க, தொட்டி மறுபடியும் நிறைந்தது. இரண்டாவது முறையும் கழுவி முடித்தபோது அவளுடைய பேருந்துக்கு நேரமாகிவிட்டது.